பினாங்கில் கையைக் கடிக்காமல் சாப்பிட

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ் டவுனில் சாப்பாட்டுக்காகப் பெரிய ஹோட்டல் பக்கம் போகவே வேண்டாம். இருட்டியதும் நல்ல பசியோடு சூலியா தெருவுக்குப் போங்கள், தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். முதலில் சார் குவே தியாவ். பெரிய இரும்புச் சட்டி புகையும் அளவுக்குக் காய்ந்ததும் தட்டை அரிசி நூடுல்ஸ், இறால், முட்டை, முளைப்பயறு எல்லாம் போட்டுத் தட்டு தட்டாகத்தான் வறுப்பார்கள், மொத்தமாகப் போட்டால் அந்தப் புகை வாசனை ஏறாது, அதனால் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் காத்திருங்கள். விலை 10 ரிங்கிட் பக்கம்தான் வரும். பன்றிக் கொழுப்பில் வறுக்கிற கடைகளும் உண்டு, வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் நாசி கண்டார். நம் தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் இருபுறமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு இது, எனக்கு இந்த ஊரிலேயே பிடித்ததும் இதுதான். சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், ருசியே அந்தக் கலவையில்தான் இருக்கிறது. எடுக்கிற கறிக்குத் தகுந்த விலை என்பதால் பெரிய இறாலைக் கைகாட்டும் முன் விலை கேளுங்கள். கோழியும் வெண்டைக்காயும் போதும், வயிறு நிறைந்துவிடும்.

தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் பச்சை ஜெல்லி இழைகளும் ஐஸும் சேர்ந்த செண்டோல் மட்டும் மதிய வெயிலில் குடியுங்கள். ஊருக்குள் சுற்ற ‘கேட்’ (CAT) என்ற இலவச பஸ் ஓடுகிறது.