லீவர் பூட்டைச் சாவியின்றித் திறக்கப் பழகுதல்

லீவர் பூட்டைச் சாவியின்றித் திறக்கப் பழக விரும்புவோர், முதலில் தமக்குச் சொந்தமான பழைய பூட்டு ஒன்றைக் கழற்றி உள்ளமைப்பைப் பார்த்துவிட வேண்டும் என்பேன். அடுக்கி வைக்கப்பட்ட உலோகத் தகடுகளைச் சாவி அவற்றிற்குரிய உயரத்துக்குத் தூக்கும்போது, அவற்றில் வெட்டப்பட்ட பிளவுகள் ஒரே நேர்கோட்டில் வந்து, தாழிலுள்ள முளைக்கு வழிவிடுகின்றன. குறைவாகத் தூக்கினாலும் மிகையாகத் தூக்கினாலும் தாழ் நகராது. 1778-இல் ஆங்கிலேயரான இராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் அழகே அதுதான்.

எந்த இரண்டு தகடும் துல்லியமாக ஒன்றுபோல் அமைவதில்லை என்பதே நமக்குக் கிடைக்கும் பிடி. ஒரு கம்பியால் தாழை மெல்ல அழுத்தியபடி, மற்றொன்றால் தகடுகளைத் தொட்டுப் பார்த்தால், ஒன்று மட்டும் இறுகி நிற்க, மற்றவை தளர்வாக ஆடும். இறுகியதைச் சிறிது சிறிதாக உயர்த்துகையில் தாழ் மயிரிழை நகர்வதை விரல்நுனி உணரும். உடனே அடுத்தது இறுகும். எனக்கு மிகவும் பிடித்த கணம் இதுவே. அழுத்தம் கூடினால் எல்லாத் தகடுகளும் ஒருசேர இறுகி எதுவும் விளங்காது என்பதால், கையை இலேசாக வைத்திருப்பதே பாதிப் பயிற்சி.

1851-இல் லண்டனில் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்பிரட் ஹாப்ஸ் சாவியின்றித் திறந்துகாட்டிய, சப் (Chubb) என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பூட்டு, தகட்டை மிகையாகத் தூக்கினால் சிக்கிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. பயன்பாட்டில் உள்ள கதவுப் பூட்டில் மட்டும் பழகாதீர்கள். உள்ளே வில் (ஸ்பிரிங்) வளைந்துவிட்டால் சரியான சாவிக்கும் அது திறக்காமல் போகலாம்.