பாறைக்கு வழிவிட்ட ஹோட்டல்: கண்டலமவில் ஜெஃப்ரி பாவா

கண்டலம ஹோட்டலை ஒரே படத்துக்குள் அடக்க முடியாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளம், 152 அறைகள். இருந்தும் கண்டலம குளத்தின் எதிர்க்கரையில் நின்று பார்த்தால் பாறையும் மரமும் கொடியும்தான் கண்ணில் படுகின்றன. உற்றுப் பார்த்தால் இலைகளுக்கு நடுவே தூண்கள் வரிசையாக நிற்பது மெல்லப் பிடிபடும். இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டி, அதைக் காட்டுக்குள் மறைக்கவும் துணிந்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. அவர் கட்டிய ஹோட்டல்களைப் பார்ப்பதற்காகவே இந்த முறை இலங்கைக்குக் கிளம்பினேன். சீகிரியா பாறைக் கோட்டையும் தம்புள்ளைக் குகைக் கோயிலும் போகிற வழியில் வந்தவை.

பாவா 1919இல் கொழும்பில் பிறந்தவர். சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர். 1948இல் பென்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்க என்கிற பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைத் தன் மனத்தில் இருந்த மாதிரி மாற்றி அமைக்கப் போனபோதுதான் கட்டடக் கலையை முறையாகப் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. லண்டனில் படிப்பை முடித்தபோது வயது 38. தோட்டம் போடும் ஆசையில் கட்டடக் கலைக்குள் வந்தவர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அவருடைய ஹோட்டல்களுக்குள் நடந்தால் பல விஷயங்கள் விளங்கும். ஒரு வளைவைத் தாண்டியதும் எது தெரிய வேண்டும், அதுவரை எது தெரியக் கூடாது என்பதில்தான் அவருடைய கவனம் முழுக்க இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் சீகிரியாவின் அடிவாரத்தில் ஒரு ஹோட்டல் கட்ட நினைத்தது. பாவாவுக்கு அதில் சம்மதம் இல்லை. ஹெலிகாப்டரில் சுற்றிப் பார்த்து, பல கிலோமீட்டர் தள்ளிக் கண்டலம குளத்துக்கு மேலே இருந்த பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். இந்த ஒரு முடிவுக்காகவே அவரைக் கும்பிடலாம். சீகிரியாவின் காலடியில் ஹோட்டல் இருந்திருந்தால், மலையேறுகிற ஒவ்வொருவர் கண்ணிலும் அந்தக் கூரைதான் பட்டிருக்கும். இப்போது ஹோட்டலில் இருப்பவர் குளத்துக்கு அப்பால், காட்டுக்கு மேலே, தொலைவில் ஒரு சின்னக் கல்லாக சீகிரியாவைப் பார்க்கிறார். அந்தத் தொலைவுதான் அதற்கு உரிய மரியாதை என்று எனக்குத் தோன்றியது.

கட்டும்போது கடுமையான எதிர்ப்பு இருந்தது. காடு அழியும், குளத்து நீர் கெடும், புனிதத் தலத்துக்குப் பக்கத்தில் சுற்றுலாக் கும்பல் சேரும் என்று பிக்குகளும் சூழலியல் ஆர்வலர்களும் போராடினார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பாறையைப் பெரிதாக உடைக்காமல், கான்கிரீட் தூண்களின் மேல் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் கட்டடத்துக்கு அடியில் ஓடிக் குளத்துப் பக்கம் போகிறது. மொட்டை மாடிகளில் மண் கொட்டிச் செடி வளர்த்தார்கள். முகப்பில் மரச் சட்டங்கள் அடித்துக் கொடிகளை ஏற்றிவிட்டார்கள். ஹோட்டல் 1994இல் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே லீட் என்னும் பசுமைக் கட்டடச் சான்றை முதன்முதலில் பெற்ற கட்டடங்களில் இதுவும் ஒன்று. கட்டி முடித்த அன்றைக்கு அது வெறும் கான்கிரீட் சட்டகம்தான். இன்று நாம் பார்க்கிற முகப்பில் பாதியைச் செடிகள்தான் கட்டியிருக்கின்றன.

சரி, உள்ளே போவோம். தம்புள்ளையிலிருந்து போகிற சாலை கடைசியில் காட்டுக்குள் ஏறுகிறது. வண்டி நிற்கும் இடத்தில் கூரை ஒன்று பாறையை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கிறது. பளபளக்கும் பெயர்ப் பலகையோ கண்ணாடிச் சுவரோ கிடையாது. பாறைக்கும் சுவருக்கும் நடுவே குகை மாதிரி ஒரு நடைவழி. வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் பிடிபடாது. காலடியில் வழவழப்பான தரை, பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் உண்மையான பாறை. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அந்த வழி மெல்ல வளைகிறது. வளைந்து முடிகிற இடத்தில் சுவரே இல்லை. எதிரே நீச்சல் குளம், அதன் விளிம்பு கண்ணுக்குத் தெரியாததால் அந்த நீர் கீழே இருக்கும் கண்டலம குளத்து நீரோடு சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது. அதற்கும் அப்பால் சீகிரியா. நான் பையைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றேன். வரவேற்பு மேசை ஓரமாக ஒதுங்கி இருந்தது. அதைத் தேடிப் போக யாருக்கும் அவசரம் இருக்காது.

இங்கே உள்ளலங்காரம் என்று தனியாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். பெரும்பாலும் சாம்பல் நிறத் தரை, கறுப்புத் தூண், வெள்ளைச் சுவர், மரக் கைப்பிடி, அவ்வளவுதான். நிறத்தை எல்லாம் வெளியே இருக்கும் காட்டிடம் விட்டுவிட்டார். தாழ்வாரத்தில் நடக்கும்போது ஒரு பக்கம் அறைக் கதவுகள், மறுபக்கம் பாறை. சில இடங்களில் பாறை முன்னால் துருத்திக்கொண்டு வருகிறது. அங்கே தாழ்வாரம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுகிறது. மழை பெய்தால் அந்தப் பாறையில் நீர் வழிவதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். தாழ்வாரங்களுக்கு ஏசி கிடையாது, காற்று தானாக வந்து போகிறது. அறைக்குள் குளியலறையின் ஒரு பக்கம் கண்ணாடி, வெளியே மரக்கிளைகள். பால்கனிக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லி எச்சரிக்கிறார்கள், குரங்குகள் உள்ளே வந்துவிடுமாம். மறுநாள் காலையில் ஒரு குட்டி கொடியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பால்கனியைக் கடந்து போனது. பாவா போட்ட மரச் சட்டம் அதற்கும் நடைபாதை ஆகிவிட்டது.

அலங்காரம் என்று சொல்ல ஒன்று உண்டு, அது ஆந்தை. படிக்கட்டுக்கு மேலே சிறகை விரித்துக்கொண்டு பாய வருகிற பிரம்மாண்டமான உலோக ஆந்தை. செய்தவர் லக்கி சேனநாயக்க. சாப்பாட்டுக்கு இறங்குகிற ஒவ்வொரு முறையும் அதன் கீழே நின்றேன். இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தகடு. கீழே இருந்து பார்க்கும்போது தகடுகளின் இடைவெளியில் வெளிச்சம் புகுந்து வருகிறது. விலை உயர்ந்த ஓவியங்களை வாங்கி வரிசையாக மாட்டிவைக்காமல், இந்த இடத்துக்கு இதுதான் என்று ஒரே ஒரு கலைஞரிடம் ஒன்றைச் செய்யச் சொல்வது எவ்வளவு பெரிய தைரியம்!

பாவாவோடு லக்கி பல இடங்களில் சேர்ந்து வேலை செய்திருக்கிறார். அதில் உச்சம் காலி நகரத்தில் இருக்கும் லைட்ஹவுஸ் ஹோட்டல் (1997). அங்கும் நுழைந்தவுடன் கடல் தெரியாது. இருட்டான கல் கட்டடத்துக்குள் வட்டமாக ஏறும் ஒரு படிக்கட்டு. அதன் கைப்பிடியே ஒரு போர்க்களம்: 1630இல் சிங்களப் படை போர்த்துக்கீசியரைத் தோற்கடித்த ரந்தெனிவெல போர். ஈட்டி பிடித்த வீரர்கள், குதிரைகள், விழுந்து கிடப்பவர்கள் என்று உலோகத்தில் செய்த உருவங்கள் நம்மோடு கூடவே மேலே ஏறுகின்றன. கைப்பிடியைப் பிடித்தால் ஏதோ ஒரு வீரனின் தோளில்தான் கை படும். மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்தியப் பெருங்கடல் திறக்கிறது. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் கோட்டை கட்டி ஆண்ட ஊரில் அந்தக் கதையை வாசலிலேயே சொல்ல நினைத்தார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பென்தோட்டை பீச் ஹோட்டலிலும் இதே உத்திதான். பாவாவின் முதல் பெரிய ஹோட்டல், 1969இல் முடிந்தது. கோட்டை மாதிரியான கல் அடித்தளம், தாழ்வான நுழைவு, மேலே ஏறினால் தலைக்கு மேல் முழுக்க எனா டி சில்வா என்கிற கலைஞரின் பத்திக் துணிகள் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றுபவை). காலப்போக்கில் சிதைந்துபோன அந்தக் கட்டடத்தை, பாவாவிடம் வேலை பார்த்த சன்னா தஸ்வத்த மீட்டெடுத்தார், 2019இல் மறுபடி திறந்தார்கள். கூரைத் துணிகளைப் புதிதாகத் தயாரித்து மாட்டியிருக்கிறார்கள்.

இவற்றில் அறை எடுத்துத் தங்குவது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. எனவே கொழும்பில் ஆல்ஃபிரட் ஹவுஸ் சாலையில் இருக்கும் கேலரி கஃபேக்குப் போங்கள். ஒரு காலத்தில் பாவாவின் அலுவலகம், 1990களின் கடைசியில் உணவகமாக மாறியது. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வாசல். அப்புறம் ஒரு முற்றம், ஒரு நீர்த்தொட்டி, இன்னொரு முற்றம். நம் ஊர் நாலுகட்டு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரிசை சட்டென்று பிடிபட்டுவிடும். ஒரு காபி சொல்லிவிட்டு உட்கார்ந்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, நம் மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவே எது நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

நமக்குப் பக்கத்திலேயும் பாவா இருக்கிறார். சென்னை கானிமரா ஹோட்டலை 1970களில் மாற்றி அமைத்தவர் அவர்தான். அதே காலத்தில் மதுரையில் அவர் கட்டிய கிளப்தான் இன்றைய ஹெரிடன்ஸ் மதுரை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கல்லூரியில் கட்டடக் கலை படிக்கிற பிள்ளைகள் பாவாவைப் பார்க்க விமானம் ஏறுவதற்கு முன்னால் மதுரைக்கு ஒரு பஸ் ஏறலாம். அந்த ஹோட்டல்களும் வரவேற்பறையில் ஒரு பலகை வைக்கலாம்: கட்டியவர் யார், எந்த ஆண்டு, பின்னால் எதை மாற்றினோம் என்று நாலு வரி. நான் அடுத்து போகப்போவது மதுரைக்குத்தான். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.