பூட்டு அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு

எங்க வீட்டு பழைய பூட்டை நான் இன்னும் தூக்கிப் போடல. ஏழு லீவர், பித்தளை, கைல எடுத்தா நல்லா கனக்கும். கடைக்காரர் "மேடம் இதை உடைக்கணும்னா யானைதான் வரணும்"னு சொல்லித்தான் வித்தார். அவர் சொன்னது பொய்யில்ல, அதுல ஒரு கீறல் கூட விழல. ஏன்னா திருடன் அதைத் தொடவே இல்ல. பூட்டு மாட்டியிருந்த நாதாங்கி இருக்கு பாருங்க, அதுக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு இரும்புக் கம்பியை விட்டு நெம்பியிருக்கான், நாலு ஸ்க்ரூவும் மரத்தூளோட பிடுங்கிட்டு வந்துடுச்சு, பூட்டு பூட்டினபடியே நாதாங்கியோட நிலையில தொங்கிட்டு இருக்கு, கதவு மட்டும் திறந்திருக்கு.

நடந்தது 2024 மார்ச் கடைசில. பங்குனி உத்திரத்துக்கு கோவில்பட்டி பக்கம் எங்க சாஸ்தா கோயிலுக்குப் போயிருந்தோம். நானு, வீட்டுக்காரர், ஏழாவது படிக்கிற பையன், அத்தை, நாலு பேரும். வீடு தாம்பரத்துக்குக் கிழக்கால, தனி வீடு, பக்கத்துல ஒரு காலி மனை. கோயில்ல பொங்கல் வெச்சு முடிச்சு மறுநாள் விடியகாலைல தூங்கிட்டு இருக்கோம், எதிர்வீட்டு சார் போன் பண்றார். "ஊர்லயா இருக்கீங்க? பால் போடுற பையன் சொல்றான், உங்க கதவு திறந்து கிடக்காம்." பால் போடுற பையன்னு சொன்னதும்தான் எனக்கு உறைச்சுது, பாலை நிறுத்தச் சொல்லவே மறந்துட்டேன். ரெண்டு நாள் பாக்கெட் கேட்ல மாட்டின பைக்குள்ளயே கெட்டுப்போய் கிடந்திருக்கு. தெருவுல போற யாருக்கும் அதைவிட தெளிவா ஒரு தகவல் சொல்லியிருக்க முடியாது.

கிடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு வந்து சேர சாயங்காலம் ஆயிடுச்சு. வழி நெடுக அத்தை ஒரு வார்த்தை பேசல. நான் மட்டும் மனசுக்குள்ள பவுன் கணக்கு போட்டுக்கிட்டே வந்தேன், ஆரம் நாலு, செயின் மூணு, அப்புறம் பையனுக்குப் போட்ட மோதிரம், கம்மல்னு எல்லாம் சேர்த்து ஒன்பதரை. பஸ்ல யாரோ ஒருத்தர் போன்ல சத்தமா நியூஸ் வெச்சிருந்தார், பவுன் அம்பதாயிரத்தைத் தாண்டப் போகுதுன்னு. அந்த வாரமேதான் தாண்டுச்சு. விலை ஏற ஏற எனக்கு மட்டும் வேற மாதிரி வலிச்சுது.

வீட்டுக்குள்ள கால் வெச்சதும் காலுக்கு அடில நறநறன்னு அரிசி. அரிசி டிரம்மை அப்படியே கவுத்துட்டாங்க. பொம்பளைங்க அரிசிக்குள்ள நகை வெப்பாங்கன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, துவரம்பருப்பு டப்பா, கடுகு டப்பா வரைக்கும் கொட்டிப் பாத்திருக்காங்க. பீரோவை உடைக்கல, உடைக்க வேண்டிய அவசியமே இல்ல, சாவி பீரோ தலைமேலதான் இருந்துச்சு (சிரிக்காதீங்க, உங்க வீட்டுல எங்க இருக்குன்னு ஒரு தடவ எந்திரிச்சுப் போய் பாருங்க). பையனோட மண் உண்டியலை உடைச்சு நோட்டை மட்டும் எடுத்துக்கிட்டு சில்லறையை விட்டுட்டுப் போயிருக்கான். ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி குடிச்சிருக்கான், குடிச்சிட்டு பாட்டிலை மூடி போட்டு டைனிங் டேபிள்ல வெச்சிருக்கான். இத்தனை போனதுல எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்தது அந்த பாட்டிலைப் பாத்துதான். அவ்வளவு நிதானமா இருந்திருக்கான் என் வீட்டுல.

தப்பிச்சது அத்தையோட ரெண்டு வளையல். பரண்ல கிடக்குற பழைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குள்ள துணில சுத்தி வெச்சிருந்திருக்காங்க, எங்க யாருக்கும் தெரியாது. எல்லாரும் அழுதுட்டு இருக்கப்ப ஸ்டூலைப் போட்டு ஏறி எடுத்துக் காட்டினாங்க. இப்ப அங்க இல்ல, தேட வேண்டாம்.

போலீஸ் காலைலயே வந்து பாத்துட்டுப் போயிருந்தாங்க, எலெக்‌ஷன் நேரம், அவங்களுக்கும் தலைக்கு மேல வேலை. முதல்ல சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கிட்டோம்னு குடுக்குற சீட்டு, மறுநாள் எஃப்ஐஆர், ராத்திரில வீடு உடைச்சுப் புகுந்ததுக்கு 457, வீட்டுக்குள்ள திருடினதுக்கு 380னு ரெண்டு பிரிவு (அதே வருஷம் ஜூலை 1லேருந்து சட்டமே மாறி நம்பரெல்லாம் வேற ஆயிடுச்சு). எஃப்ஐஆர் காப்பியை காசு வாங்காம குடுக்கணும், கேட்டு வாங்கிக்கங்க, எங்களுக்குக் குடுத்தாங்க. கைரேகை எடுக்க வந்தவர் முதல்ல கேட்டது "யார் யார் உள்ள வந்தீங்க?" அக்கறையில அக்கம்பக்கத்துல பாதிப் பேர் உள்ள வந்து பீரோவைத் தொட்டுப் பாத்திருக்காங்க, அவர் தலைல அடிச்சுக்காத குறை. மோப்ப நாய் காலி மனையை ஒரு சுத்து சுத்திட்டு மெயின் ரோடு வரைக்கும் ஓடி அங்க உக்காந்துடுச்சு. அங்க வண்டி ஏறியிருப்பாங்கன்னு சொன்னாங்க.

நகைக்கு பில் கேட்டப்பதான் முழிச்சோம். ஆரம் எங்கம்மா போட்டது, அவங்களுக்கு அவங்கம்மா போட்டது, அதுக்கு எங்க பில்லு? கடைசில கல்யாண ஆல்பத்தைத் தூக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். ரிசப்ஷன்ல நான் ஈன்னு பல்லைக் காட்டிட்டு நிக்கிற போட்டோவை எஸ்ஐ பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்குற மாதிரி பாத்து கழுத்துல என்ன டிசைன்னு எழுதிக்கிட்டார்.

இனி சொல்லப்போறதுதான் இத எழுதவே காரணம். "வீட்டுக்கு ரெகுலரா யார் யார் வந்து போவாங்க?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னேன், பால், கேன் தண்ணி, கேஸ், அப்புறம் வேலைக்கு வர்ற அக்கா. யார் மேலயாவது சந்தேகமான்னு கேட்டதுக்கு இல்லைன்னுதான் சொன்னேன், சத்தியமா. ஆனா வீட்டுக்கு துக்கம் கேக்குற மாதிரி வந்த சொந்தக்காரங்க அத்தனை பேரும் ஒரே பாட்டு, "வேலைக்காரிய விசாரிச்சீங்களா?" ஆறு வருஷமா வர்றாங்க அந்த அக்கா. நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப பையனுக்கு சோறு ஊட்டினவங்க. அவங்களையும் அவங்க மகனையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அரை நாள் உக்கார வெச்சுட்டாங்க. மகன் பெயின்ட் அடிக்கிற வேலை, அன்னிக்குக் கூலி போச்சு.

அதுக்கப்புறம் அக்கா வரல. மூணு நாள் பாத்துட்டு நானே அவங்க வீட்டுக்குப் போனேன். பாத்திரம் விளக்கிட்டு இருந்தாங்க, எந்திரிக்கல. "நான் உங்க பேரை சந்தேகமா சொல்லலக்கா"ன்னேன். "சொல்லியிருக்க மாட்டம்மா, தெரியும்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா இல்லைன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லியிருக்கலாம்ல"ன்னாங்க. நான் என்ன பதில் சொல்ல? அவங்களைக் கூப்பிட்டாங்கன்னு எனக்கு அன்னிக்கு மதியமே தெரியும், அரிசியைக் கூட்டி அள்ளிட்டு இருந்தேன், போகல. ஒரு வேளை... அப்படின்னு ஒரு ஓரத்துல எனக்கும் ஓடியிருக்கு, அதான் நிஜம். ஒரு மாசம் கழிச்சு திரும்ப வேலைக்கு வந்தாங்க. பீரோ இருக்கிற ரூமை மட்டும் பெருக்க மாட்டேன்னுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அதை நான்தான் பெருக்குறேன்.

தூக்கம் போனது தனிக் கதை. பீரோல இருந்த துணி எல்லாத்தையும், பட்டுப்புடவை உட்பட, யாரோ கை வெச்சதுன்னு தோணி தோணி துவைக்கப் போட்டேன், வீட்டுக்காரர் பட்டையாவது விட்டுவைன்னு பிடுங்கி வெச்சார். ராத்திரி ரெண்டரைக்கு டாண்ணு முழிப்பு வரும். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடினா கூட எந்திரிச்சுப் போய் கதவை இழுத்துப் பாப்பேன். பையன் ரெண்டு மாசம் எங்க நடுவுலதான் படுத்தான். அவன் பயப்படுறான்னு சொல்லி நான் என் பயத்துக்கு துணை தேடிக்கிட்டேனோ என்னவோ.

சரி, என்ன செஞ்சோம்னு சொல்றேன். முதல்ல ஆசாரியைக் கூப்பிட்டோம், பெரியவர், அந்த நாதாங்கியைக் கைல வாங்கிப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. "ரெண்டாயிரம் ரூபா பூட்டை ரெண்டு ரூபா ஸ்க்ரூல மாட்டி வெச்சிருக்கீங்களேம்மா." ஸ்க்ரூ முக்கால் இஞ்ச் கூட இல்ல. அவர் புதுசா போட்டது, கதவுக்கு இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போற போல்ட், உள்பக்கம் பட்டை வெச்சு நட்டு முறுக்கியிருக்கு. நிலையை நாலு இடத்துல சுவரோட சேர்த்து நீளமான போல்ட் அடிச்சார். முக்கியமா, தொங்கு பூட்டே வேண்டாம்னுட்டார், கதவுக்குள்ளயே பதிக்கிற பூட்டுதான் இப்ப. ஆள் உள்ள இருந்தாலும் இல்லாட்டியும் வெளிய பாக்க ஒரே மாதிரி இருக்கும். தொங்கு பூட்டு மாட்டினா வீட்டுல ஆளில்லைன்னு போர்டு மாட்டின மாதிரிதானேன்னார், நான் பதினஞ்சு வருஷமா அந்த போர்டை பித்தளைல மாட்டியிருக்கேன். கொல்லைப்பக்கக் கதவுக்கு எங்க ஊர் பழைய வீட்டுல இருக்கிற மாதிரியே உள்ள குறுக்குக் கட்டை. செலவு ரொம்ப இல்ல, போன நகைல ஒரு கிராம் விலை கூட தாண்டியிருக்காது, மரவேலை மட்டும்னா.

கேமராவுக்கு வர்றேன். எதிர்வீட்டு சார் வீட்டுல சிசிடிவி இருந்துச்சு, அதுல ரெண்டு பேர் குரங்குக் குல்லா போட்டுக்கிட்டுப் போறது தெரிஞ்சுது, அவ்வளவுதான். கேமரா மாடி உயரத்துல இருந்து அவர் காரைப் பாத்துட்டு இருக்கு, எங்களுக்குக் கிடைச்சது ரெண்டு குல்லாவோட உச்சி. அதுல காட்டின நேரம் வேற முக்கால் மணி நேரம் தப்பு. அதனால நாங்க மாட்டினப்ப ஒண்ணை கேட்டுக்கு நேரா முகம் தெரியுற உயரத்துல மாட்டினோம், இன்னொண்ணு அதையே பாத்துட்டு மேல, யாராவது திருப்பினா இது பாக்கும். பதிவாகுற பெட்டியை டிவிக்குக் கீழ வெக்காதீங்க, போறப்ப அதையும் தூக்கிட்டுப் போயிடுவான். கரன்ட் போனா கேமராவும் வைஃபையும் சேர்ந்து போகும், ரெண்டையும் யுபிஎஸ்ல குடுத்தாச்சு. பாஸ்வேர்டை மாத்துங்க, மாட்ட வந்த பையன் போட்ட 12345லயே விட்டா தெருவே உங்க ஹாலைப் பாக்கும்.

பேங்க் லாக்கர் எடுக்காம இருந்தது சோம்பேறித்தனம்தான், ஒரு கல்யாணம்னா உடனே எடுக்க முடியாதேன்னு. இப்ப எடுத்தாச்சு. ஆனா ஒண்ணு, லாக்கர்ல திருட்டுப் போனா பேங்க் முழுசா குடுக்கும்னு நினைச்சிருந்தேன், அப்படி இல்ல. 2022லேருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி வருஷ வாடகையில 100 மடங்கு வரைக்கும்தான் அவங்க பொறுப்பு. வாடகை 2,000னா ரெண்டு லட்சம். நம்ம கணக்கை நாமளே போட்டுக்கணும். மிச்ச நகையை ஒவ்வொண்ணா தராசுல வெச்சு எடை தெரியுற மாதிரி போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வெச்சிருக்கேன். புதுசா வாங்கினா ஹால்மார்க்கோட ஆறு எழுத்து நம்பர் ஒண்ணு பொறிச்சிருக்கும், 2023 ஏப்ரல்லேருந்து அது கட்டாயம், அதையும் குறிச்சு வைங்க.

எட்டு மாசம் கழிச்சு ஸ்டேஷன்லேருந்து போன். வேற ஒரு கேஸ்ல பிடிபட்டவங்க எங்க வீட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்காங்க, வெளியூர் ஆளுங்க. மீட்டது மூணு பவுன் செயின் மட்டும், மத்தது உருக்கியாச்சாம். அந்த செயின்ல கொக்கிக்குப் பக்கத்துல ஒரு வளையம் மட்டும் கொஞ்சம் செவப்பா இருக்கும், அறுந்தப்ப ஊர்ல பத்தர் பத்த வெச்சது, அதை வெச்சுத்தான் அடையாளம் காட்டினேன். கோர்ட்ல மனு போட்டு, கேஸ் முடியுற வரைக்கும் விக்க மாட்டேன், அழிக்க மாட்டேன், கேக்குறப்ப கொண்டு வருவேன்னு எழுதிக் குடுத்து வாங்கிட்டு வந்தோம். அன்னிக்கு சாயங்காலமே அக்காகிட்ட சொன்னேன், ஆளைப் பிடிச்சுட்டாங்கன்னு. "சரிம்மா"ன்னுட்டு பாத்திரத்தைக் கவுத்தாங்க.

போன பங்குனிக்கு திரும்ப ஊருக்குக் கிளம்பினோம். பால், பேப்பர் நிறுத்தியாச்சு, ஸ்டேஷன்ல பூட்டின வீடுன்னு எழுதிக் குடுத்தாச்சு, ரோந்து வர்றவங்க வந்து பாத்துட்டுப் போவாங்க. அக்காகிட்ட வீட்டுச் சாவியை நீட்டினேன், விளக்கு மட்டும் போட்டு அணைச்சிடுங்கக்கான்னு. கையை பின்னால கட்டிக்கிட்டாங்க. "கேட் சாவி மட்டும் குடும்மா. வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டுப் போறேன், ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். உள் சாவி எனக்கு வேணாம்."

நாலு நாளும் காலைல ஆறரைக்கு வாட்ஸப்ல அவங்க மகன் நம்பர்லேருந்து ஒரு போட்டோ வந்துச்சு. கோலம், அதுக்குப் பின்னால மூடின கதவு. ஒவ்வொரு போட்டோலயும் கதவு முழுசா தெரியுற மாதிரி தள்ளி நின்னு எடுக்க வெச்சிருந்தாங்க.