பெரிய வாரத்து நாட்குறிப்பு, கடலூர்

மார்ச் 24, 2024, குருத்து ஞாயிறு

அம்மாவுக்கு இன்று என்னை அடையாளம் தெரியவில்லை. "இந்தத் தம்பி யாரு?" என்று அக்காவிடம் கேட்டார். வியாழக்கிழமை ஐயர், எங்கள் லுத்தரன் சபைப் போதகர், வீட்டுக்கே வந்து இராப்போஜனம், அதாவது ஆண்டவரின் அப்பமும் திராட்சரசமும், கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அத்தான் பிரதரன் சபைக்காரர்; அவர்களுக்கு இராப்போஜனம் ஆண்டவரை நினைவுகூருவது. தனியாக அழைத்து மெதுவாகத்தான் கேட்டார்: "'என்னை நினைவுகூரும்படி'ன்னுதானே ஆண்டவர் சொன்னார்? நினைவே இல்லாதவங்களுக்கு எதுக்குப்பா?" எனக்குப் பதில் வரவில்லை.

மார்ச் 25, திங்கள்

ராத்திரி தூக்கமில்லை. அப்பத்தில் ஆண்டவர் இருக்கிறாரா, அது நினைவு மட்டும்தானா என்ற இதே சண்டைதான் 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில், சீர்திருத்தவாதிகள் லுத்தருக்கும் ஸ்விங்லிக்கும் நடுவே நடந்தது. லுத்தர் மேசைமேல் சாக்கட்டியால் "இது என் சரீரம்" என்று லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு, அதைவிட்டு நகரவேயில்லை. "மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது" என்ற யோவான் வசனத்தைக் காட்டினார் ஸ்விங்லி. அப்பம் சரீரத்தைக் குறிக்கிறது, அவ்வளவுதான் என்றார். 15 உபதேசப் பிரிவுகளில் 14இல் ஒத்துப்போனவர்கள், கடைசியில் இந்த ஓர் இடத்தில் பிரிந்தார்கள்.

தமிழில் "இது என் சரீரம்" என்றாலே வாக்கியம் முடிந்துவிடும், வினைச்சொல் தேவையில்லை. நம் வேதாகமமோ "சரீரமாயிருக்கிறது" என்கிறது. அவர்கள் மோதிக்கொண்டது அந்த "இருக்கிறது"க்காகத்தான். நான் லுத்தர் பக்கம். பிறந்த சபை என்பதற்காக அல்ல. அப்பத்தில் அவர் இருப்பது அவர் சொன்ன வார்த்தையால். அம்மாவின் ஞாபகத்தால் அல்ல.

மார்ச் 26, செவ்வாய்

பக்கத்து வீட்டு டீச்சர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அவருக்கு இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின் சொன்னது பிடிக்கும்: கிறிஸ்துவின் சரீரம் பரலோகத்தில் இருக்கிறது, ஆவியானவர் நம்மை அவரோடு இணைத்து உண்மையாகவே போஷிக்கிறார். அழகான விளக்கம். ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள விசுவாசம் வேண்டும் என்பார் கால்வின். அம்மாவின் விசுவாசம் இப்போது எங்கே இருக்கிறது என்று யார் பார்த்துச் சொல்வது?

அத்தானுக்கு போன் போட்டேன். அப்பத்தை வாங்குமுன் தன்னைத்தானே சோதித்தறிய வேண்டும் என்று வேதம் சொல்கிறதே என்றார். அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த லுத்தரின் ஞானோபதேசத்திலிருந்தே பதில் சொன்னேன்: "உங்களுக்காக" என்ற வார்த்தையை நம்புகிறவரே பாத்திரவான், அதை வாங்கத் தகுதியுள்ளவர். அப்புறம் அவர் ஒன்று சொன்னார். எங்கள் நினைவுகூருதலைத் தனியாள் ஞாபகம் என்று நினைக்காதே, ஒரே அப்பத்தைப் பிட்டு சபையாகச் செய்கிறோம் என்றார். இத்தனை வருஷமாக அவர்களுடையதை வெறும் ஞாபகார்த்தம் என்று நான் குறைத்துப் பேசியது தப்பு. "அப்போ அம்மாவுக்காக நாம நினைக்கலாமே, அத்தான்?" என்றேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. "சரி, நானும் வரேன்" என்றார்.

மார்ச் 28, பெரிய வியாழன்

ஐயர் அப்பத்தைத் திராட்சரசத்தில் தொட்டு, "உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற" என்று சொல்லி உதட்டருகே கொண்டுபோனார். அம்மா வாயைத் திறந்தார். அக்காவும் நானும் வாங்கினோம். அத்தான் வாங்கவில்லை, கட்டிலருகே முழங்காலில் நின்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐயர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா அத்தான் பக்கம் திரும்பினார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஞாயித்துக்கிழமை சாப்பிட்டேன், அத்தை" என்றார் அத்தான்.