மிஞ்சின இரண்டு மாத்திரை

சின்ன வயதில் நேரே பார்த்த பெரிய கலைஞர் ஒருவரைப் பற்றி இந்த மலருக்கு எழுதித் தாருங்கள் என்று எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டபோது எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. தவில் தெட்சணாமூர்த்தியை நான் ஒரு கை தூரத்தில் பார்த்தவன். அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தவன். அதை எழுத உட்கார்ந்த கிழமைதான் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த சங்கீத சேர் காலமான செய்தி ஊரிலிருந்து வந்தது. அப்புறம் எங்கே தொடங்கினாலும் சேரிடம்தான் வந்து நிற்கிறது.

1973. நான் ஒன்பதாம் வகுப்பு, விடுதியில் இருந்தேன். அளவெட்டிப் பக்கம் ஒரு கோயிலில் மேளச்சமா, அதாவது நாதஸ்வர தவில் கச்சேரி, தெட்சணாமூர்த்தி வாசிக்கிறார் என்று கிணற்றடியில் கதை அடிபட்டது. இரவுப் படிப்பு நேரமான பிரெப் முடிந்து விளக்கு அணைந்ததும் மூன்று பேர் மதிலேறிக் குதித்தோம். எந்த இடத்தால் என்று விடுதியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீதி மணலில் இடமே இல்லை. பெட்ரோமக்ஸ் வெளிச்சத்தில் தோளில் சால்வை போட்ட கிழவர்கள் தொடையில் தாளம் போட்டபடி இருந்தார்கள். நாதஸ்வரம் ராகத்தை விரித்து நிறுத்த, தவில்கள் மாறி மாறி வாசித்தன. அவருடைய முறை வந்ததும் சனம் மூச்சுக்காட்டவில்லை. அவருடைய வேகத்தைப் பற்றி எல்லாரும் சொல்லுவார்கள். எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது அந்த வேகத்துக்குள் இருந்த தெளிவு. தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விழுந்த ஒவ்வொரு சொல்லும், புதுத் தகரத்தில் மழைத்துளி விழுந்தாற்போல, தனித்தனியே கேட்டது. என்ன கணக்கு என்று விளங்கவில்லை. ஆனால் எல்லாத் தவிலும் சேர்ந்து வந்து விழுந்த இடத்தில் என் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது.

விடியப் போகும் நேரம் முகம் கழுவக் கோயில் கிணற்றடிக்குப் போனேன். அங்கே அவர் திண்ணையில் இருந்து விரல்களிலிருந்து கூடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். துணியைச் சுற்றிப் பசையிட்டுக் கல்லுப்போலக் காயவைத்த அந்தக் கூடுகளை முன்பு நான் கிட்ட நின்று பார்த்ததில்லை. கூடு கழன்ற விரல்நுனிகள் வெளிறிப்போயிருந்தன. பக்கத்தில் தவில் உறைக்குள் போகாமல் கிடந்தது. தண்ணீர் அள்ளி ஒரு செம்பில் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டுத் தலையை அசைத்தார். அவ்வளவுதான். நான் திரும்பும்போது தவிலின் கட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். பலாமரம். குளிர்ந்திருந்தது.

அடுத்த நாள் காலைப் பிரார்த்தனையில் பிடிபட்டோம். முழுக் கல்லூரியும் பார்க்க மேடையில் நின்ற அந்த நேரத்தை விட்டுவிடலாம், அது எல்லாருக்கும் ஒருநாள் நடந்ததுதான். என்னை உலுப்பியது அதற்குப் பிறகு நடந்தது. சங்கீத சேர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எட்டாம் வகுப்புப் பெடியள் எல்லாரும் இருந்தார்கள்.

“எந்தத் தாளத்தில வாசிச்சவர்?”

“ஆதி, சேர்.”

“சரி, போடு பாப்பம்.”

நான் தாளம் போட, அவர் மேசையில் விரலால் தட்டத் தொடங்கினார். தகதகிட, தகதகிட, தகதகிட. இரண்டாவது சுற்றில் என் கை தடுமாறியது. திரும்பப் போடச் சொன்னார். திரும்பவும் விட்டேன். பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. எத்தனை தரம் போட்டேனோ தெரியாது, கடைசியில் அழுகை வந்துவிட்டது. “நான் அவருக்குத் தண்ணி குடுத்தனான், சேர்” என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது.

சேர் சிரிக்கவில்லை. “தண்ணி குடுத்தனி. அவர் என்ன தந்தவர் எண்டு தெரியாமல் வந்திட்டாய்” என்றார். பிறகு மற்றவர்களை அனுப்பிவிட்டு, கரும்பலகையில் எழுதினார். ஆதி தாளம் 8 அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்துக்கு 32. ஐந்தைந்தாகச் சொல்லிக்கொண்டு போனால் ஆறு தரத்தில் 30. மிச்சம் 2.

“இந்த ரெண்டை எங்க வைப்பாய்?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டை முதலிலேயே விட்டுத் தள்ளி எடுக்கலாம், கடைசியில் முடித்துவைக்கும் ஒரு தீர்மானத்துக்குள் சேர்க்கலாம், அல்லது ஒன்றும் செய்யாமல் விடாமல் போய்க்கொண்டே இருக்கலாம் என்று சொல்லித் தந்தார். ஐந்து ஆவர்த்தனம் போனால் 160 மாத்திரை, ஐந்துக்குச் சரியாக 32 தரம். தானாகவே தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழும். “அதுவரைக்கும் கை ஆடக்கூடாது. அவ்வளவுதான் விசயம்.” மறைத்து வைத்த சாமானைக் காட்டுவதுபோல அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். அன்றைக்குப் பின் ஒவ்வொரு புதன்கிழமையும் விளையாட்டு முடிந்து அவர் அறைக்குப் போனேன்.

சேர் மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரியில் படித்தவர். அறுபதுகளில் மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்தார். பின்னாளில் சங்கீத கலாநிதி விருது பெற்ற அந்த மனிதர் நம்முடைய மண்ணில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார் என்பதை இங்கே வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புகிறார்கள் இல்லை. சேர் அந்தப் பெயரைச் சொல்லும்போது கதிரையிலிருந்து கொஞ்சம் எழும்புவார். அவரும் மேடையில் பாட வேண்டிய குரல். ஏன் பாடவில்லை என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

1975 மே மாதம் தெட்சணாமூர்த்தி போய்விட்டார். 40 வயதைச் சற்றுத்தான் தாண்டியிருந்தார். அந்தப் புதன்கிழமை சேர் ஒன்றும் படிப்பிக்கவில்லை. என்னைத் தாளம் போடச் சொல்லிவிட்டு யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை, அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. மணி அடிக்கும் வரை வெறும் தாளம் மட்டும் அந்த அறையில் கேட்டது.

1984 இல் நான் சொல்லிக்கொள்ளாமல்தான் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். அந்த நாட்களில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொண்டு போகவில்லை. ஆனால் சேருக்குச் சொல்லியிருக்கலாம். அவர் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. 1992 இல் சந்தானம் கார் விபத்தில் இறந்த செய்தியை டொராண்டோவில் கேள்விப்பட்டேன். சேருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்து ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். அரைப் பக்கத்தில் நின்றுவிட்டது. பிறகு வேலை, வீடு, பிள்ளைகள். சென்னை தி. நகரில் மகாராஜபுரம் சந்தானம் சாலைப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுத்தேன். அதையும் சேருக்கு அனுப்பவில்லை. தாளத்தையும் எப்போது விட்டேன் என்று தெரியாது, ஒரு நாளில் விட்டது இல்லை அது.

சேரின் மகள் தொலைபேசியில் சொன்னார், கடைசி மாதங்களில் பேச்சுக் குறைந்துவிட்டது, ஆனால் வலது கை கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருந்ததாம். என்ன தாளம் என்று தங்களுக்கு விளங்கவில்லை என்றார். ஐந்தாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

போன சனிக்கிழமை பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட்டு, பனி கொட்டக் காருக்குள் இருந்தேன். தெட்சணாமூர்த்தியின் பழைய ஒலிப்பதிவு ஒன்று போனில் இருக்கிறது, தேய்ந்துபோன பதிவு. தனி ஆவர்த்தனத்தில் அவர் ஐந்துக்குள் இறங்கும் இடம் வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொடையில் தாளம் போடத் தொடங்கினேன். முதல் ஆவர்த்தனம் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில் விட்டுவிட்டேன். பதிவைப் பின்னுக்கு இழுத்து, திரும்ப முதலிலிருந்து போட்டேன்.