ஓசாஸ் 18001, ஐஎஸ்ஓ 45001: ஒப்பீட்டுக் கேள்விக்கு நான் படித்த விதம்

கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டேதான் தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ படித்தேன். முதல் தடவை என்னைக் கவிழ்த்தது ஒரே கேள்வி: ‘ஓசாஸ் 18001, ஐஎஸ்ஓ 45001 ஒப்பிடுக.’ இரண்டுமே ஒரு நிறுவனம் தொழிலாளர்களின் பாதுகாப்பையும் ஆரோக்கியத்தையும் எப்படி நிர்வகிக்க வேண்டும் என்று சொல்லும் தரநிலைகள். முன்னது பழையது, பின்னது அதற்குப் பதிலாக வந்தது. யாரோ கொடுத்த அட்டவணையை மனப்பாடம் செய்து போயிருந்தேன். பரீட்சை ஹாலில் இடது பக்கத்து வரிகள் வலது பக்கம் போய்விட்டன. இரண்டாவது தடவை அட்டவணையைத் தொடவே இல்லை.

வருடங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஓசாஸ் 1999-இல் வந்தது, 2007-இல் திருத்தினார்கள். ஐஎஸ்ஓ 45001 வந்தது 2018 மார்ச்சில். பழைய சான்றிதழ் வைத்திருந்தவர்கள் மாறிக்கொள்ள மூன்று வருட அவகாசம் கொடுத்தார்கள். கொரோனாவால் அது 2021 செப்டம்பர் வரை நீண்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2001 வழிகாட்டுதல்களையும் ஐஎஸ் 14489-ஐயும் சிலர் இதே வரிசையில் சேர்த்து எழுதுகிறார்கள். முன்னது சான்றிதழுக்கான தரநிலை அல்ல. பின்னது பாதுகாப்புத் தணிக்கையை எப்படிச் செய்வது என்று சொல்லும் இந்திய நடைமுறை விதி.

ஓசாஸில் ‘நிர்வாகப் பிரதிநிதி’ என்று ஒருவர் இருப்பார். 45001-இல் அந்தப் பதவியே கிடையாது. பொறுப்பை மேல்மட்ட நிர்வாகமே சுமக்க வேண்டும். ‘தடுப்பு நடவடிக்கை’ என்ற சொல்லும் தலைப்பிலிருந்து போய்விட்டது. அந்த வேலையை 6-ஆம் பிரிவில் அபாயமும் வாய்ப்பும் பார்த்துக்கொள்கின்றன.

ஆனால் நேரத்தைக் கொட்டிப் படிக்க வேண்டியது 45001-இன் 5.4-ஆம் பிரிவு, தொழிலாளர் பங்கேற்பு. ஓசாஸில் பங்கேற்பே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது தப்பு. அதன் 4.4.3.2-ஆம் பிரிவில் இருந்தது. 45001 அதற்கு மேலே போய், பங்கேற்கவிடாமல் தடுப்பது எது என்று கண்டுபிடித்து அதை நீக்கச் சொல்கிறது. மொழி, எழுத்தறிவு, பழிவாங்கல் பயம் ஆகியவற்றை உதாரணமாகவே குறிப்பிடுகிறது.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. ஒரு நைட் ஷிப்டில் ரியாக்டர் என்கிற ரசாயனக் கலனைச் சுத்தம் செய்ய உள்ளே இறங்கும் வேலை. கான்ட்ராக்டில் வந்த அண்ணன் ஒருவர் பெர்மிட்டை, அதாவது வேலை அனுமதிச் சீட்டை, வாங்கினார், கீழே பேனாவால் புள்ளி வைத்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். காகிதம் முழுக்க ஆங்கிலம். “என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாண்ணே?” என்று கேட்டேன். “எங்க போடணும்னு காட்டுவாங்க தம்பி. படிச்சுச் சொன்னதில்ல” என்றார். உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்த எண் அவர் விரலுக்கு மேலேயே இருந்தது. இறங்கப் போகிறவர் அவர். அன்று பெர்மிட் முழுவதையும் தமிழில் சொன்ன பிறகுதான் இறங்கினார்.

இரண்டாவது தேர்வில் 5.4-க்கு இதைத்தான் உதாரணமாக எழுதினேன். ஒப்பந்ததாரர்களைப் பற்றிய 8.1.4.2-ஆம் பிரிவையும் அதோடு இணைத்தேன், ஒரு பக்கத்துக்கு மேல் போனது. நீங்கள் புதுச்சேரிப் பக்கம் மேட்டுப்பாளையத்திலோ சேதராப்பட்டிலோ வேலை பார்க்கிறவராக இருந்தால், உங்கள் யூனிட் பெர்மிட் ஒன்றை எடுத்து 45001-இன் 4 முதல் 10 வரை ஒவ்வொரு பிரிவும் அதில் எங்கே தெரிகிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.