தண்ணீரில் இறங்காத உயிர்காப்பு

உயிர்காப்பாளர் என்றதும் பலருக்கு நினைவில் வருவது கடற்கரைதான். இலங்கையின் மலையகத்தில் வாழும் எமக்குக் கடல் தொலைவில் இருக்கிறது, தண்ணீர் அப்படியில்லை. காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்கள் தேயிலை மலைகளின் அடியிலேயே விரிந்து கிடக்கின்றன. பல தோட்டங்களில் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) சற்று இறங்கினால் ஆறு வந்துவிடும். அங்கே சிவப்புக் கொடியும் இல்லை, விசிலுடன் நிற்கும் ஆளும் இல்லை. ஒருவர் மூழ்கும் வேளையில் கரையில் நிற்பவர் யாரோ அவரே உயிர்காப்பாளர்.

அண்மையில் நீர்மீட்பும் முதலுதவியும் சேர்ந்த பயிற்சி ஒன்றில் கலந்துகொண்டேன். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள் தடாகத்தில் பாய்ந்து காட்டும் ஆவலுடன் வந்திருந்தார்கள். பயிற்றுநரோ முதற்பகுதி முழுவதும் எவரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை. சிலருக்கு அது சலிப்பாக இருந்தது. என்னைக் கேட்டால், அந்தப் பயிற்சியின் சாரமே அதுதான். மூழ்குகிறவர் தன்னை நெருங்கி வருபவரின் தோளையும் கழுத்தையும் பற்றிக்கொண்டு மேலே வரப் பார்ப்பார். அது அவர் யோசித்துச் செய்வதல்ல. ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணன் தம்பி இருவரும் பலியானதாக வரும் செய்திகளின் பின்னால் பெரும்பாலும் இதுவே இருக்கிறது.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் எட்டக்கூடிய எதையாவது நீட்டுவது, அடுத்து மிதக்கும் பொருளை எறிவது, படகு இருந்தால் அதில் செல்வது, நீந்திச் செல்வது கடைசி வழி, அதுவும் பயிற்சி பெற்றவருக்கு மட்டும். நீட்டுவதற்கு மூங்கில் கழியோ விறகுக்கு வெட்டிய நீளமான கொப்போ போதும். நீட்டுகிறவர் கரையில் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், பின்னால் ஒருவர் அவருடைய கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நின்றபடி இழுத்தால் நாமும் உள்ளே போய்விடுவோம். எறிவதற்கு, கயிறு கட்டிய ஐந்து லீற்றர் பிளாஸ்டிக் கேனை மிஞ்சக்கூடியது தோட்டப்புறத்தில் எளிதில் கிடைக்காது. வெறும் கேனைக் காற்று தள்ளிவிடும் என்பதால் உள்ளே சிறிதளவு தண்ணீர் விட்டு மூடியை இறுக்க வேண்டும். ஆளின் மேல் எறியாமல், அவருடைய தலையைத் தாண்டி விழும்படி எறிந்தால் கயிறு தோளருகே வந்து சேரும். கயிற்றின் மறுமுனையைக் கையில் பிடிக்கலாம். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

மூழ்குகிறவர் கூச்சலிடுவார் என்று காத்திருப்பதும் ஆபத்தானது. மூச்சு விடவே முடியாதவரால் குரல் எழுப்ப முடியாது. தலை பின்னே சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருக்க, ஏணியில் ஏறுவதுபோல் கைகள் தண்ணீரை அமுக்கும். பக்கத்தில் குளிப்பவர்கள்கூட அதை விளையாட்டு என்று எண்ணிவிடுவார்கள்.

எமது தண்ணீருக்கென்று சில குணங்களும் உண்டு. குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தவுடன் உடல் தானாகவே ஆழமாக மூச்சை இழுக்கும். அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை. கடலில் நீந்திப் பழகியவருக்கு உப்பு நீர் தரும் மிதப்பு இங்கே கிடைக்காது. அருவி விழும் இடத்தில் நுரையாய்க் காற்று கலந்திருப்பதால் மிதப்பு இன்னும் குறையும், சுழலும் உள்ளே இழுக்கும். நீர்த்தேக்கக் கரைகளில் சேறு காலை விடாது. மழைக்காலத்தில் அணையின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் கீழே உள்ள ஆறு சிறிது நேரத்திலேயே உருமாறிவிடும். பாறையில் உட்கார்ந்து படம் எடுப்பவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம்தான் வருகிறது.

கரைக்குக் கொண்டு வந்த பிறகே எமது ஊரில் பெரிய தவறுகள் நடக்கின்றன. தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது ஆகிய இரண்டும் வேண்டாம். வயிற்றிலிருப்பது வெளியே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதைவிட, விலைமதிப்பற்ற நேரம் போய்விடும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் நிற்பது மூச்சு, அதன் பிறகே இதயம். எனவே மாரடைப்பில் விழுந்தவருக்குச் செய்வதுபோல் நெஞ்சழுத்தத்தில் தொடங்காமல், தலையைப் பின்னே சாய்த்து நாடியை (முகவாயை) உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுப்பதில் தொடங்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டல் தொடக்கத்தில் 5 மூச்சு என்கிறது, அமெரிக்க வழிகாட்டல் 2 என்கிறது. அதன் பின் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடரலாம். பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவே 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். முழங்கை மடியக் கூடாது. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுமையாக மேலெழ விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறாவிட்டால் அழுத்தத்தின் ஆழம் குறைந்துவிடும், அழுத்துகிறவருக்கு அது தெரியாது. வாயில் நுரை தள்ளினால் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. இடையிடையே விக்கல்போல் வரும் இழுப்பை மூச்சென்று நம்பி நிறுத்திவிடவும் கூடாது.

இதற்கிடையே இன்னொருவர் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும், அது கட்டணமற்றது. பெயர்ப்பலகையில் உள்ள தோட்டப் பெயர், பிரிவு, வாகனம் எதுவரை வர முடியும் என்பவற்றைச் சொல்லி, பிரதான வீதிச் சந்தியில் ஓர் ஆளை நிறுத்திவிட்டால் பாதி அலைச்சல் குறையும். மூச்சில்லாதவரை உடனே ஓட்டோவில் மடித்து ஏற்றிக்கொண்டு பறப்பது உதவி போலத் தோன்றினாலும், வளைவு நெளிவான பாதையில் ஓடும் அந்த வண்டிக்குள் நெஞ்சழுத்தம் செய்ய இடமே இருக்காது.

மூச்சுத் திரும்பி மயக்கத்தில் இருப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈர உடையைக் களைந்து, கம்பளியால் போர்த்த வேண்டும். சூடு வரட்டும் என்று சாராயம் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து உடற்சூட்டை இன்னும் வேகமாக இழக்கச் செய்யும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும், இருமலோ மூச்சிரைப்போ இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்; நுரையீரலுக்குள் போன தண்ணீரின் விளைவு சில மணிநேரம் கழித்தும் மோசமாகலாம்.